கோழி தின்னாத ராஜாளி

மொரீஷியஸ் தீவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்க்க ஆசைப்படுவது ஒரு செத்துப்போன பறவையை! போர்ட் லூயி நகரத்து மியூசியத்தில் டோடோவின் எலும்புக்கூட்டை வைத்திருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டிலேயே பூண்டற்றுப் போன பட்சி அது. இருந்தாலும் இன்றைக்கும் அந்தத் தீவில் அதைப் போலச் சம்பாதிக்கிற பிராணி வேறு கிடையாது. துண்டு, பனியன், சாவிக்கொத்து, தேநீர்க் கோப்பை, எதைக் கையில் எடுத்தாலும் டோடோதான். நாட்டின் சின்னத்திலும் ஒரு பக்கம் டோடோ, மறுபக்கம் மான்.

செத்ததைப் பார்த்தாகிவிட்டது, இனி உயிரோடு இருப்பதைப் பார்ப்போம் என்று நானும் என் மனைவியும் மறுநாள் காலையில் கிளம்பினோம். நாங்கள் தேடிப் போனது ஒரு ராஜாளியை. உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் மொரீஷியஸில் மட்டுமே வாழ்கிற ராஜாளி அது. 1974-ஆம் வருஷத்தில் காட்டில் அந்த ஜாதிப் பறவைகள் மொத்தம் நான்கே நான்குதான் மனிதர் கண்ணுக்குத் தெரிந்தன. கூண்டில் இரண்டு இருந்தன. டோடோ போன வழியிலேயே இதுவும் போய்விட்டது என்று உலகம் முடிவு கட்டிய சமயம் அது. ஆனால் போகவில்லை. 2022-ல் அந்த நாட்டின் தேசியப் பறவையாகவே அதை அறிவித்துவிட்டார்கள்.

இந்தப் பறவை ஏன் அழியப் பார்த்தது, எப்படித் தப்பியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றேதான். அதன் சாப்பாடு!

எங்களை ஏற்றிக்கொண்டு போன டாக்ஸிக்காரர் தமிழ் வம்சத்தவர். கொள்ளுப்பாட்டனார் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறி வந்தாராம். நெற்றியில் விபூதி, காரின் கண்ணாடிக்குப் பக்கத்தில் முருகன் படம். பேச்சு மட்டும் கிரியோல் பாஷை. "வணக்கம்", "சாமி", "காவடி" என்ற மூன்று சொற்களுக்கு மேல் தமிழ் வரவில்லை. அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, எங்களுக்கு வருத்தமும் இல்லை. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசக் காவடிக்குச் சர்க்கார் விடுமுறை விடுகிறார்கள். அதற்கு மேல் என்ன கேட்பது!

நாங்கள் எந்தப் பறவையைப் பார்க்கப் போகிறோம் என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"மிஸ்யே, மான்ழே த பூல் பறவையையா? அதைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தீர்கள்?" என்றார்.

'மான்ழே த பூல்' என்றால் பிரெஞ்சு பாஷையில் 'கோழி தின்னி' என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்து வழிவழியாக வந்த பெயர். இந்தப் பெயரைப் போல ஒரு பறவைக்கு அநியாயம் செய்த பெயர் வேறு இருக்குமா என்பது சந்தேகம். ஏனென்றால் ஆசாமியின் எடை ஏறக்குறைய இரு நூறு கிராம்தான். பெட்டை அதைவிடச் சற்றுக் கனம். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரையில் ஓர் அடிக்கும் குறைவு. முதுகெல்லாம் செம்பழுப்பு, அதில் கறுப்புப் பட்டைகள். வெள்ளை மார்பில் மை தெளித்தாற்போல வட்டப் பொட்டுகள். இது ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு பறப்பது என்றால், நம் வீட்டுக் குழந்தை அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போலத்தான்! எப்போதாவது கவனிப்பாரற்ற கோழிக்குஞ்சு ஒன்றின் மேல் கண் வைத்திருக்கலாம். அந்தப் பழிக்காகப் பல தலைமுறைகள் துப்பாக்கிக் குண்டு வாங்கியது. மனிதரைக் கண்டு அதிகம் பயப்படாத சுபாவம் வேறு. சுடுகிறவருக்கு இதைவிடச் சௌகரியம் ஏது?

கோழி இல்லை என்றால் பின்னே அது எதைத் தின்கிறது?

முக்கியமாகப் பல்லி. நம் வீட்டுச் சுவரில் 'சொச் சொச்' என்று சகுனம் சொல்லும் சாம்பல் நிறப் பல்லியை நினைத்துக்கொள்ள வேண்டாம். மொரீஷியஸ் காட்டுப் பல்லி, பகலில் உலாவுகிற பல்லி. பளிச்சென்று கிளிப்பச்சை உடம்பு. முதுகில் குங்குமப் பொட்டு வைத்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள். ஒரு வகைக்கு வால் நீலம். பூக்களில் ஏறித் தேன் நக்கும் பழக்கமும் இதற்கு உண்டு. அப்படி நக்கும்போது தலையில் மகரந்தத்தைச் சுமந்து போய் அடுத்த பூவில் சேர்ப்பதால், அந்தத் தீவின் சில செடிகளுக்கு இந்தப் பல்லிதான் வண்டு. என் மனைவிக்குப் பல்லி என்றாலே ஆகாது. ஆனால் ஒரு மரத்தடியில் இதைப் பார்த்தபோது அரை நிமிஷம் நின்று பார்த்தாள். "இதைப் போய்ச் சாப்பிடுகிறதே!" என்றும் அங்கலாய்த்தாள்.

இந்தப் பல்லி வெயில் ஏறியதும் மரத்தின் பட்டையில் வந்து ஒட்டிக்கொண்டு குளிர் காயும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் சட்டென்று மரத்தின் மறுபக்கம் சுற்றிப் போய்விடும். அதைப் பிடிக்க வேண்டுமானால் அடர்ந்த மரங்களுக்கு நடுவே, கிளைகளில் இடிபடாமல், ஒரு கண நேரத்தில் பாய வேண்டும். அதற்கு என்றே அந்த ராஜாளியின் உடம்பு அமைந்திருக்கிறது.

குளிர்காலத்தில் நம் ஊர் வயல்வெளிகளுக்கு வடக்கே இருந்து ஒரு சிறு ராஜாளி வருகிறது. வாசகர்களில் சிலர் பார்த்திருக்கலாம். நீண்ட இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, நூல் கட்டித் தொங்கவிட்டாற்போல ஆகாயத்தில் ஒரே இடத்தில் நிற்கும். கீழே புல்லில் எலியோ வெட்டுக்கிளியோ அசைந்தால் விழுந்து பிடிக்கும். மொரீஷியஸ் ராஜாளி அதற்குச் சொந்தக்காரன்தான். ஆனால் வெட்டவெளியே இல்லாத, கரையிலிருந்து கரை வரை காடாகவே இருந்த தீவில் எத்தனையோ ஆயிரம் தலைமுறைகள் வாழ்ந்ததில், இறக்கை குறுகி வட்டமாகிவிட்டது. பார்வைக்கு ராஜாளி, பறப்பதில் நம் தோப்புகளில் ஓணானைப் பாய்ந்து பிடிக்கும் வல்லூறு மாதிரி. ஆகாயத்தில் நின்று பார்க்கும் வித்தையை அது அநேகமாக மறந்தே போய்விட்டது. கிளையில் ஆடாமல் அசையாமல் உட்காரும். தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டித் தூரத்தை அளக்கும். பிறகு மரங்களுக்கிடையே ஒரு குறுக்குப் பாய்ச்சல், அவ்வளவுதான். பல்லி தப்பி மறுபக்கம் போனால் கிளைக்குக் கிளை தத்தித் தத்தித் துரத்துவதும் உண்டு. பல்லி அகப்படாதபோது தட்டான், சிள்வண்டு, கரப்பான், சில சமயம் ஒரு சின்னக் குருவி.

இனிக் கதையின் சோகமான பகுதிக்கு வருவோம். அதை நீட்டப் போவதில்லை.

தீவு முழுவதும் காடாக இருந்தது என்றேன் அல்லவா? டச்சுக்காரர்கள் கருங்காலி மரத்துக்காக வெட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்களும், பிறகு ஆங்கிலேயரும் கரும்புக்காக வெட்டினார்கள். அந்தக் கரும்புக் கொல்லைகளில் வெட்டியும் சுமந்தும் வியர்வை சிந்தியவர்களில் நம் தமிழர்களும் உண்டு. இன்றைக்கு அந்நியச் செடி கலக்காத நல்ல காடு, தீவின் பரப்பில் 2 சதவிகிதத்துக்கும் குறைவு. 1960-ல் வீசிய 'கேரல்' என்ற பெரும் புயல் இருந்த மரங்களிலும் பலவற்றைச் சாய்த்துவிட்டது. மரப் பொந்தில் முட்டையிட்டால், அயல்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த குரங்கு எடுத்துத் தின்றது. தரையில் இறங்கினால் கீரி. எலியை ஒழிக்க என்று 1900-ல் இந்தியாவிலிருந்து கொண்டுபோன நம் கீரிதான் அது! எலியை ஒழித்ததோ இல்லையோ, பறவைகளை ஒழிக்கத் துணைபோயிற்று.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று சாப்பாட்டோடு சேர்ந்து வந்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு மலேரியாக் கொசுவை ஒழிக்கவும், பயிர்ப் பூச்சியைக் கொல்லவும் டி.டி.டி. மருந்தைத் தாராளமாகத் தெளித்தார்கள். மலேரியாவை ஒழித்தது பெரிய புண்ணியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மருந்து பட்ட பூச்சியைப் பல்லி தின்றது. பத்து நூறு பூச்சிகளின் விஷம் ஒரு பல்லிக்குள் சேர்ந்தது. அப்படிப்பட்ட பல பல்லிகளை ராஜாளி தின்றது. தின்ற பெட்டை சாகவில்லை. அதன் முட்டை ஓடு மெலிந்துபோயிற்று. அடைகாக்க உட்கார்ந்தால் தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கும். எங்கோ சுவரில் அடித்த மருந்து, எட்டாத மலையுச்சிக் கூட்டுக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

1973-ல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க விஞ்ஞானி ராஜாளியைக் காப்பாற்ற வந்து சேர்ந்தார். பிடித்து வைத்து வளர்க்க முதலில் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஆனால் காட்டில் ஒரு நல்ல காரியம் தானாக நடந்தது. 1974-ல் ஒரு ஜோடி, வழக்கமான மரப் பொந்தை விட்டுவிட்டுச் செங்குத்தான பாறைச் சுவரிலிருந்த பொந்து ஒன்றில் முட்டையிட்டது. குரங்கு ஏற முடியாத இடம். மூன்று குஞ்சுகள் பிழைத்துப் பறந்தன. நான்கு பறவைகள் இருந்த ஜாதிக்கு மூன்று குஞ்சு என்பது லேசான சங்கதியா?

1979-ல் கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தார். அப்போது அவருக்கு வயது 25 கூட முழுதாக ஆகியிருக்குமோ என்னவோ! சிறு வயதிலேயே வீட்டுத் தோட்டத்தில் ராஜாளி வளர்த்துப் பழகியவர். இவரை அனுப்பியவர்கள் சொன்ன உத்தரவு, "போய் இந்த வேலையை இழுத்து மூடிவிட்டு வா" என்பது. இனிமேல் இதில் பணம் போடுவது வீண் என்று பெரியவர்கள் தீர்மானித்திருந்தார்கள். வந்தவர் மூடவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக மொரீஷியஸ் பறவைகளோடுதான் அவருக்கு வாழ்க்கை. 2016-ல் வனவிலங்குப் பாதுகாப்புக்கான இண்டியானாபொலிஸ் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

அவர் செய்தது என்ன? கேட்டால் ஏதோ நம் வீட்டுப் பாட்டி செய்கிற காரியம் போலத்தான் இருக்கும். கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நன்றாகச் சோறு போடு என்பதுதான்!

ராஜாளி ஒரு தடவைக்கு மூன்று முட்டை போல இடுகிறது. அவற்றை இழந்துவிட்டால் அதே பருவத்தில் மறுபடியும் இடும். ஜோன்ஸும் அவருடைய ஆட்களும் கயிறு கட்டிப் பாறைச் சுவரில் இறங்கி முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவந்தார்கள். அவற்றை மெஷினில் வைத்துப் பொரித்தார்கள். தாய் இரண்டாவது தடவை இட்டவற்றை அதனிடமே விட்டுவைத்தார்கள். ஆனால் இரண்டு தடவை முட்டையிட்ட பெட்டைக்கு உடம்பில் என்ன தெம்பு இருக்கும்? பல்லி அருகிப்போன காட்டில் ஆண் ராஜாளி எவ்வளவுதான் தேடிக் கொண்டுவரும்? அதனால் கூடுகளுக்குப் பக்கத்தில் போய், அவர்களே வளர்த்த வெள்ளைச் சுண்டெலியைக் கொடுத்துப் பழக்கினார்கள். காட்டு ராஜாளி, மனிதன் கூப்பிட்ட குரலுக்குப் பறந்து வந்து, நீட்டிய சுண்டெலியைப் பறித்துக்கொண்டு போயிற்று! இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தபோது சர்க்கஸ் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது ஆஸ்பத்திரி என்று.

மெஷினில் பொரித்த குஞ்சுகளை எப்படிக் காட்டில் விடுவது? வேட்டை கற்றுக்கொடுக்க அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இதற்கும் வேட்டைக்காரர்கள் பழகிய ஒரு பழைய முறை இருந்தது. இறகு முளைத்த குஞ்சுகளைக் காட்டுக்குள் ஒரு பெட்டியில் வைத்தார்கள். கதவைத் திறந்துவிட்டு, தினமும் அந்த இடத்திலேயே சாப்பாடு வைத்தார்கள். குஞ்சு வெளியே போய்க் கிளையிலிருந்து கிளைக்குப் பறந்து விளையாடும். பசித்தால் திரும்பி வரும். விளையாட்டாகப் பூச்சியைத் துரத்தும். ஒரு நாள் பல்லியைப் பிடித்துவிடும். பிறகு தட்டில் வைத்த சாப்பாட்டுக்கு வருவது குறையும். ஒரு நாள் வரவே வராது. பிள்ளை சாப்பிட வரவில்லையே என்று யாரும் கவலைப்படவில்லை, அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டார்கள். 1984 முதல் பத்து வருஷ காலத்தில் இப்படி முந்நூறுக்கும் அதிகமான ராஜாளிகளை வெளியே அனுப்பினார்கள்.

இங்கேதான் ஓர் ஆச்சரியம். பழங்காட்டுப் பல்லி இல்லாமல் இந்தப் பறவை பிழைக்காது என்பதுதான் அதுவரை படித்தவர்களின் அபிப்ராயம். கடைசி ராஜாளிகள் ஒண்டிக்கொண்டிருந்த இடம் தென்மேற்கு மூலையிலுள்ள பிளாக் ரிவர் பள்ளத்தாக்கின் காடு. ஆகவே அதற்கு வேறு இடம் ஒத்துவராது என்று எண்ணினார்கள். ஆனால் 1987 முதல் தீவின் கிழக்குக் கரையிலுள்ள பாம்பூ மலைத்தொடரில் சில குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். பாதி அழிந்த காடு, பக்கத்தில் கரும்பு, மான் மேய்கிற புல்வெளி, கலப்படப் புதர். அங்கே அவை பிழைத்தன! தேசத்துக் குஞ்சுகளும் பொரித்தன.

பாம்பூ மலைப்பக்கம் நாங்கள் போனது அக்டோபர் மாதத்தில். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அது வசந்த காலம், ராஜாளி குடும்பம் நடத்துகிற பருவம். பழைய காலத்தில் டச்சுக்காரர்கள் வந்து இறங்கிய வியூ கிராண்ட் போர்ட் விரிகுடா ஒரு பக்கம் நீலமாகத் தெரிகிறது. அதற்கு மேலே சிங்கம் படுத்தாற்போல ஒரு மலை. ஃபெர்னே பள்ளத்தாக்கில் நடந்தோம். ஒரு மரத்தில் நம் வாசற் கதவில் பால்காரர் புட்டி வைக்கிற பெட்டி போல ஒரு மரப்பெட்டி மாட்டியிருந்தது. அது ராஜாளிக்குக் கட்டிக் கொடுத்த வீடு. பாறைப் பொந்து இல்லாத இடத்தில் இந்தப் பெட்டிகளில்தான் அநேகம் ஜோடிகள் முட்டையிடுகின்றன.

அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் மனைவி ஒரு வேரில் உட்கார்ந்து வெற்றிலை போடாத குறையாக அலுத்துக்கொண்டாள். அப்போது எங்கிருந்தோ 'கிரீச்' என்று ஒரு சத்தம். ஆண் ராஜாளி ஒரு மொட்டைக் கிளையில் வந்து உட்கார்ந்தது. காலில் ஏதோ நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து பெட்டை வெளியே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அதை அலகால் பிடுங்கிக்கொண்டு திரும்பிவிட்டது. அடைகாக்கும் காலத்தில் வேட்டை முழுவதும் ஆணின் பொறுப்பு. கொண்டுவந்ததை வாசலில் ஒப்படைக்க வேண்டியது, உள்ளே நுழையாமல் மறுபடி வேலைக்குப் போக வேண்டியது. "சம்பளக் கவரைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது" என்றாள் என் மனைவி. அந்த ஒப்புமையில் என்னைக் குறித்து ஏதாவது இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

தொங்கியது பல்லி அல்ல. நீண்ட வால். சாம்பல் பழுப்பு உடம்பு. கழுத்தில் முள்வரிசை. ஓணான்! நம் வேலியில் உட்கார்ந்து தலையாட்டுகிற சாட்சாத் அதே ஓணான். ஆசியாவிலிருந்து கரும்புக் காலத்தில் எப்படியோ இந்தத் தீவுகளுக்கு வந்து சேர்ந்து, தோட்டம் துரவெல்லாம் பெருகிவிட்டது. அங்கே அதற்குப் பச்சோந்தி என்று தப்பான பெயர். தப்பான பெயர் வைப்பதில் அந்தத் தீவார் கெட்டிக்காரர்கள் என்று தோன்றுகிறது. ஓணானைத் தவிர, மூஞ்சூறு, சுண்டெலி ஆகிய வந்தேறிகளையும் கிழக்கு மலை ராஜாளி பிடித்துத் தின்கிறது. இவையெல்லாம் அதன் முப்பாட்டன் கண்டறியாத தீனி. சொந்த ஊர்ச் சாப்பாடு கிடைக்காத இடத்தில் கிடைத்ததைத் தின்று பிழைக்கப் பழகிவிட்டது. கரும்புக்காக வந்து அங்கே தங்கிவிட்ட நம்மவரை நான் அந்தச் சமயம் நினைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் காடு இல்லாவிட்டாலும் கவலையில்லையா? விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. பாம்பூ மலை ராஜாளிகளுக்கு விஞ்ஞானிகள் குஞ்சாக இருக்கும்போதே காலில் நிற வளையம் மாட்டி, எது எங்கே பிறந்தது, எத்தனை குஞ்சு பொரித்தது, எப்போது செத்தது என்று வருஷா வருஷம் கணக்கு எழுதிவருகிறார்கள். கல்யாணப் பதிவேடு, ஜனன மரணப் பதிவேடு எல்லாம் அதற்கு உண்டு! அந்தக் கணக்கில் ஒரு சங்கதி தெரியவந்தது. சுற்றிலும் வயலாக மாறிப்போன இடத்தில் பிறந்த பெட்டைகள், இளவயதிலேயே அதிகமாகக் குஞ்சு பொரிக்கப் பார்க்கின்றன. ஆனால் அந்த இளவயதிலேயே அவற்றில் அதிகம் செத்துப்போகின்றன. தப்பியவையும் வயது ஏறியதும் தளர்ந்துவிடுகின்றன. குஞ்சுப் பருவத்தில் வாழ்ந்த இடத்தின் வளம், ஆயுள் முழுவதும் கூடவே வருகிறது.

மழையும் ஒரு தொல்லை. மழை நாள் அதிகமான வசந்தத்தில் முட்டையிடுவது தள்ளிப்போகிறது. பல்லியும் ஓணானும் வெயிலுக்கு வெளியே வருகிற பிராணிகள் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கஷ்டம் விளங்கும். முட்டையிடுவது தள்ளிப்போனால் குஞ்சுகள் கோடைப் பெருமழைக் காலத்தில் மாட்டிக்கொள்கின்றன. நனைந்த காட்டில் தகப்பன் எதைப் பிடித்துக் கொண்டுவருவான்?

குஞ்சு விடும் திட்டம் 1990-களின் நடுவில் ஓய்ந்தபோது நிலைமை பிரமாதம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிற்பாடு எண்ணிப் பார்த்ததில் அவ்வளவு பிரமாதமில்லை. வடக்கே மோகா மலைகளில் விட்ட கூட்டம் நிலைக்காமல் மறைந்துவிட்டது. பழைய வீடான பிளாக் ரிவரிலும் எண்ணிக்கை இறங்கியது. 2014-ல் இந்த ராஜாளியை மறுபடியும் 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற பட்டியலுக்கு ஏற்றினார்கள். இன்றைக்கு மொத்தம் சில நூறு பறவைகள். நான்கிலிருந்து சில நூறு என்பது பெரிது. ஒரு தேசத்துப் பறவை மொத்தமே சில நூறு என்பது சிறிது.

பிளாக் ரிவரில் ஏன் இறங்க வேண்டும்? அங்கே 1994-ல் 6,500 ஹெக்டேருக்கு மேல் தேசியப் பூங்காவாகவே ஆக்கிவிட்டார்களே! நாங்களும் இந்தக் கேள்வியோடுதான் திரும்பும் வழியில் அங்கே போனோம். மேலே இருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று ஒரே காடு. அருவிகள் விழுகின்றன, வெள்ளை வால் நீண்ட கடற்பறவைகள் பள்ளத்தாக்கின் மேலே மிதக்கின்றன. ஆனால் உள்ளே நடந்தால் பாதையின் இரண்டு பக்கமும் கொய்யா. நம் ஊர்க் கொய்யா அல்ல, பாக்குப் பருமனில் சிவப்புப் பழம் பழுக்கிற பிரேசில் நாட்டுக் கொய்யா. பருவத்தில் குடும்பம் குடும்பமாக வந்து பறித்து, உப்பும் மிளகாயும் தூவித் தின்பார்களாம். டாக்ஸிக்காரர் அதைச் சொல்லும்போதே நாக்கைச் சப்புக்கொட்டினார். நல்ல பழம்தான். ஆனால் அந்தச் செடி மூங்கில் குச்சி நட்டாற்போல நெருக்கமாக முளைத்து நிற்கிறது. கையை நுழைத்தால் முழங்கைக்கு மேல் போகவில்லை. பழைய மரங்களின் கன்று அதற்குள் தலையெடுக்க வழியில்லை. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே பாய்ந்து பல்லி பிடிக்கிற பறவை அதற்குள் எங்கே பாயும்?

இதைக் கண்டுகொண்டவர்கள் பூங்காவில் சில துண்டு நிலங்களுக்கு வேலி போட்டு, பன்றியையும் மானையும் வெளியே நிறுத்தி, கொய்யாவைக் கையாலேயே களைந்து வருகிறார்கள். ஒரு தடவை களைந்தால் போதாது. விதை விழுந்து மறுபடி மறுபடி முளைக்கிறது. அப்படிப்பட்ட ஒரு துண்டின் வேலியோரமாக நின்று உள்ளே எட்டிப் பார்த்தோம். மரங்களுக்கு அடியில் வெளிச்சம் விழுந்திருந்தது. முட்டியளவு உயரத்தில் கருங்காலிக் கன்றுகள் நின்றன. ஒரு மரத்தின் பட்டையில், வெயில் பட்ட பக்கத்தில், ஒரு பச்சைப் பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. என் மனைவிதான் அதை முதலில் பார்த்தாள்.